முள் மூங்கில்: வயதுக்கு ஒரு பயன்

நன்கு வளர்ந்த முள் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். உள்ளே கை விட முடியாது. அடிப்பக்கக் கிளைகளில் கணுவுக்குக் கணு கொக்கி போல வளைந்த முள். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வேலியையே கட்டியிருக்கும். அந்தப் பின்னலுக்குள்ளிருந்து முப்பது, ஐம்பது கோல்கள் கிளம்பி, இருபது மீட்டருக்கு மேலே போய்த் தலை சாய்ந்து நிற்கும்.

நம் கண்ணுக்கு அது ஒரு புதர். காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கும் கூடை முடைபவர்களுக்கும் அதற்குள் நாலைந்து வெவ்வேறு பொருள்கள் தெரியும். பத்து நாள் குருத்து சமையலுக்கு. ஒன்றிரண்டு வருடக் கோல் கூடைக்கும் முறத்துக்கும். மூன்று நான்கு வருடம் நின்று முற்றியது வீட்டுக்கும் ஏணிக்கும். நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தால், ஒரே ஒரு முறை, அரிசி. மூங்கிலின் பயன்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தச் செடியைப் பற்றிய பழைய அறிவில் முக்கால் பங்கு வயது பார்க்கத் தெரிவதுதான்.

தாவரவியலில் இதன் பெயர் பம்பூசா பம்போஸ். பழைய நூல்களில் பம்பூசா அருண்டினேசியா என்று இருக்கும். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவரத் தொடங்கிய, மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் நூலில் இது இடம்பிடித்துவிட்டது, மலையாளிகள் சொல்லும் ‘இல்லி’ என்ற பெயரிலேயே. தமிழில் முள் மூங்கில், பெருமூங்கில். இந்த இனம், அந்த இனம் என்று பிரிக்காமல் பொதுவாக மூங்கிலுக்கு வேய், கழை, வெதிர், அமை, பணை என்று சங்கப் பாட்டுகளில் ஏராளமான பெயர்கள் உண்டு. இந்தியா, இலங்கை முதல் மியன்மர், தாய்லாந்து வரை இது இயற்கையாக வளர்கிறது. நம் பக்கம் ஆற்றங்கரைகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளிலும் அதிகம் பார்க்கலாம். முதுமலை, வயநாடு, பந்திப்பூர், ஆனைமலை எல்லாம் இதன் சொந்த ஊர்கள்.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று கல் மூங்கில். அது மெலிந்தது, உள்ளே கிட்டத்தட்ட கெட்டியானது, முள் கிடையாது. கம்புக்கும் தடிக்கும் அது. முள் மூங்கில் பருத்தது. சுவர் தடித்தது, ஆனாலும் நடுவில் பொள்ளல் உண்டு. அப்புறம், மூங்கில் என்றாலே புல்லாங்குழல் நினைவுக்கு வரும். குழலுக்கு வேண்டியது சுவர் மெலிந்து கணுவுக்குக் கணு நீளமான மூங்கில். கேரளத்தில் ‘ஈற்ற’ என்பார்களே, அந்த வகையைத்தான் அதற்குத் தேடுவார்கள். முள் மூங்கில் அந்த வேலைக்குத் தோதுப்படாது.

வயதுக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூங்கில் மரமில்லை, புல். நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. இதைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டியதில்லை என்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் காட்டுகிறது. காழ், அதாவது வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதி, வெளிப்புறத்தில் இருந்தால் அது புல். உட்புறத்தில் இருந்தால் அது மரம். இவ்வளவுதான் இலக்கணம். முள் மூங்கிலைக் குறுக்காக அறுத்து வெட்டுவாயைப் பாருங்கள். பழுப்பு நிறப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றை. உள்பக்கம் அவை பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். வெளித்தோலை நெருங்க நெருங்கச் சிறுத்து, நெருங்கி, கடைசியில் புள்ளி எது தோல் எது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடும். அதற்கு மேல் மணற்சத்து, அதாவது சிலிக்கா, கலந்த பளபளப்பான மேல்தோல். வைரம் வெளியே இருக்கிறது என்பது இதைத்தான். கூடை முடைபவர்கள் உள்சதையைச் சீவி ஒதுக்கிவிட்டுத் தோல்பக்கத்துச் சிம்பை, அதாவது மெல்லிய கீற்றை, விளிம்புக்கு எடுத்து வைப்பதும் இதனால்தான்.

புல் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. மரம் ஆண்டுக்காண்டு பருக்கும். மூங்கில் பருக்காது. மண்ணைப் பிளந்து வரும்போது குருத்துக்கு என்ன பருமனோ, கோலுக்கும் கடைசி வரை அதே பருமன்தான். தென்மேற்குப் பருவமழையில் முளைத்து, சில நாள்களில் ஒரே நாளில் ஒரு அடிக்கு மேல்கூட நீண்டு, இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பிறகு நடப்பதெல்லாம் உள்ளுக்குள் இறுகுவது மட்டும்தான். ஆக, ஒரு வருடக் கோலும் ஐந்து வருடக் கோலும் பருமனில் ஒன்றாகவே இருக்கலாம். பார்த்ததும் வயது சொல்ல முடியாது.

பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். இளங்கோலில் கணுக்களை மூடியிருந்த பாளை இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டின்மேல் வெள்ளையாக மாவு பூத்தது போல இருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். நிறம் அடர்பச்சை. வயது ஏற ஏற பாளை உதிர்ந்து, மாவு போய், பச்சை மங்கும். மூன்று வருடத்துக்கு மேல் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பாசி படியும். கடைசிச் சோதனை காதுக்கு. அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் இளசு ‘தொப்’ என்று ஈரமாகக் கேட்கும். முற்றியது ‘டணீர்’ என்று திருப்பிச் சொல்லும்.

குருத்தில் தொடங்கலாம். ஆடி மழையில் கூம்பு போல மேலே வரும். பாளை பாளையாகச் சுற்றி, அதன்மேல் சுணை இருக்கும். வெறுங்கையால் உரித்தால் அரிக்கும். முளைத்து ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் வெட்ட வேண்டும். அதைத் தாண்டினால் நாராகிவிடும். உரித்துப் பார்த்தால் உள்ளே தந்த நிறத்தில், கணுக்கள் அடுக்கடுக்காக, முழு மூங்கிலும் ஒரு சாண் நீளத்துக்குள் மடங்கி இருப்பது போல இருக்கும்.

இதை அப்படியே சமைக்கக் கூடாது. பச்சைக் குருத்தில் டாக்சிஃபில்லின் என்ற பொருள் இருக்கிறது. நறுக்கும்போது அது உடைந்து சயனைடு வெளிவரும். அதனால்தான் எந்த ஊரில் குருத்துச் சமையல் இருந்தாலும் முதல் வேலை ஒன்றாகவே இருக்கிறது: மெல்லியதாக நறுக்கி, தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுவது. வேதியியல் தெரியாமலேயே, கசப்பு போனால் போதும் என்று நாக்கை வைத்துக் கண்டுபிடித்த முறை இது. குடகில் மழைக்காலத்தில் வைக்கும் பைம்பளே கறி இந்தக் குருத்தில்தான். வயநாட்டிலும் மழை தொடங்கிவிட்டால் இது வீட்டுக் குழம்பு.

குருத்தை மனிதர் மட்டுமா தேடுகிறார்கள்? யானை, காட்டெருமை, பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு, மேய வரும் மாடு என்று எல்லாவற்றுக்கும் அது பிடிக்கும். அந்தப் பத்துப் பதினைந்து நாள் பிழைத்துவிட்டால் குருத்து கோலாகிவிடும். அதுவரை அதைக் காப்பது எது என்ற கேள்விக்கு, 1970களில் கர்நாடகக் காடுகளில் ஒரு பதில் கிடைத்தது.

அப்போது காகித ஆலைகளுக்கு வனத்துறை மூங்கிலை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த கூடை முடைபவர்களோ, மூங்கில் கிடைக்கவில்லை என்று குரல் எழுப்பினார்கள். காட்டில் மூங்கில் குறைவது உண்மையா, ஏன் குறைகிறது என்று பார்க்கச் சென்றவர் சூழலியலாளர் மாதவ் காட்கில். வெட்டுகிற இடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. புதரின் அடியில் பின்னிக் கிடக்கும் முள்கிளைகளை எல்லாம் சுத்தமாகக் கழித்துவிடுவார்கள். நெரிசல் குறைந்தால் குருத்து நன்றாக வரும், வெட்டுவதும் சுலபம் என்பது கணக்கு. ஊர்க்காரர்கள் அவரிடம் வேறு மாதிரி சொன்னார்கள்: முள்ளைக் கழித்தால் குருத்தை மாடும் காட்டு விலங்கும் தின்றுவிடும், அந்தப் புதர் அப்புறம் எழும்பாது. ஆய்வில் பார்த்தபோது ஊர்க்காரர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. முள் கழித்த புதர்களில் குருத்துகள் தின்னப்பட்டு, கோலாகத் தேறியவை குறைந்து போயிருந்தன.

இந்தச் செய்தி எனக்கு எப்போது நினைத்தாலும் மனதைத் தொடுகிறது. தொட்டால் கிழிக்கும் அந்தப் பின்னல் குருத்துக்குத் தாயின் முந்தானை மாதிரி. முள் வேண்டாம் என்று நினைத்தவர்கள் கோலின் விலையைப் பார்த்தார்கள். குருத்தின் வயதைப் பார்த்தவர்கள் முள்ளை விட்டுவைத்தார்கள்.

ஆனால் முள் வெட்டுபவருக்கு உண்மையிலேயே தொல்லைதான், அதையும் மறைக்கக் கூடாது. புதரில் புதுக் கோல்கள் வெளிவட்டத்தில் வரும். முற்றியவை நடுவில் சிக்கிக்கொள்ளும். அவசரப்படுகிறவர் கைக்கு எட்டும் வெளிவட்டத்து இளசை வெட்டிவிட்டுப் போவார். அல்லது முள்ளுக்கு மேலே, ஆள் உயரத்தில் வெட்டி, தடித்த அடிப்பகுதியைக் காட்டிலேயே விட்டுவிடுவார். இரண்டும் நஷ்டம். முறையாக வெட்டுபவர்கள் ஒரு பக்கம் மட்டும் வழி திறந்து, குதிரைலாட வடிவில் உள்ளே போய், நடுவிலுள்ள முற்றலை எடுப்பார்கள். முதல் இரண்டு வருடக் கோல்களில் பெரும்பாலானவற்றைத் தொட மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த மழைக்கு வரும் குருத்துக்குச் சோறு போடுவது அவைதான். தரையை ஒட்டிய முதல் கணுவுக்கு மேலே, கணுவை ஒட்டினாற்போல் வெட்டுவார்கள். பொள்ளலில் மழைநீர் தேங்கி, மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு அழுகாமல் இருக்க. “மூங்கில் போல் சுற்றம் முசியாமல் வாழ்க” என்று மணமக்களை வாழ்த்துகிறோம். முசியாமல் என்றால் குறையாமல். மூன்று நான்கு தலைமுறைக் கோல்கள் ஒரே புதரில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்த வாழ்த்தின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது.

கூடைக்கு வேண்டியது இளசு. முற்றியதைப் பிளந்தால் சிம்பு வளையாது, ஒடியும். கோலின் கணுமுனைகளைச் சீவிவிட்டு, தலைப்பக்கத்தில் அரிவாளை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும், பிளவு தானாக ஓடும். பாதியாக, பிறகு கால் காலாக, பிறகு விரல் அகலப் பிளாச்சாக. ஒவ்வொரு பிளாச்சிலும் தோலும் சதையும் பிரியும்படி நுனியில் கீறி, ஒன்றைக் கையிலும் மற்றதைக் கால் விரலிடுக்கிலும் பிடித்து இழுப்பார்கள். பிளவு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தடித்த பக்கத்தை வளைத்து நேராக்கிக்கொள்வார்கள். கடைசியில் காகிதம் போன்ற சிம்பு. காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே முடைய வேண்டும்.

அதிலிருந்து வந்தவைதான் நெல் தூற்றிய முறம், எரு அள்ளிய கூடை, கோழியை மூடிய பஞ்சாரம், மீன் பிடிக்கும் பறி, தானியம் கொட்டி வைத்த குதிர், வாசலை மறைத்த தட்டி. புது முறத்தை அப்படியே புடைக்க எடுக்க மாட்டார்கள். ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையும் காகிதக் கூழையும் சேர்த்துப் பின்னல்மேல் பூசி, வெயிலில் காயவைப்பார்கள். இடுக்கெல்லாம் அடைபட்டு, குருணைகூட நழுவாத வழவழப்பான தளமாகிவிடும். பூச்சிக்கும் அந்தக் கசப்பு ஆகாது. கூடைக்கும் குதிருக்கும் சாணி மெழுகினால் போதும்.

முற்றிய கோல்களின் வேலைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். வீட்டுக் கூரைக்குக் கைமரம், பரண், ஏணி, தொரட்டி, கட்டடச் சாரம், பந்தல். கல்யாணத்துக்கு முதலில் நடும் முகூர்த்தக்காலும் மூங்கில், கடைசியில் தூக்கிச் செல்லும் பாடையும் மூங்கில். இதில் வெட்டும் காலம் முக்கியம். கோலுக்குள் மாவுச்சத்து மிகுந்திருந்தால் துளைக்கும் வண்டு வந்து சில மாதங்களில் உளுத்துக் கொட்டிவிடும். மழைக்காலத்தில் வெட்டாதே என்பதும், தேய்பிறையில் வெட்டு என்பதும் பழைய விதிகள். நிலவின் கணக்கைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டிய கோலை ஓடையிலோ குளத்திலோ சில வாரம் அமிழ்த்தி வைக்கும் வழக்கத்துக்குத் தெளிவான காரணம் உண்டு. மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போகும், வண்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. தண்ணீர் நாறும், கோல் நிலைக்கும்.

சில கோல்களைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும். அதுதான் மூங்கிலுப்பு. வைத்தியத்தில் இருமலுக்கும் உடல் சூட்டுக்கும் சேர்க்கும் சரக்கு. கணுக்களுக்கு இடையிலுள்ள பொள்ளலில் ஊறும் நீர் வற்றி, அதிலிருந்த சிலிக்கா வெள்ளை நிறத்திலோ நீலம் கலந்த வெள்ளையிலோ கட்டியாகிவிடுகிறது. டேவிட் பிரூஸ்டர் என்ற இயற்பியலாளர் 1819இல் இதன் ஒளியியல் குணங்களை எழுதி வெளியிட்டார். இதன் ஒளிவிலகல் எண், அதாவது உள்ளே நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண், காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிறது. திடப்பொருளில் இது அபூர்வம். தண்ணீரில் போட்டால் வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி தெளியும். மூங்கிலில் முத்து பிறக்கும் என்று நம் கவிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதற்கு இந்த வெள்ளைக் கட்டிதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். திருநெல்வேலியில் தலமரமே மூங்கில். வேணுவனம் என்ற அந்த ஊரில் குடிகொண்ட நெல்லையப்பருக்கு வேய்முத்தர் என்றும் பெயர்.

கடைசியாக அரிசி. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (109), உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு பொருள்களில் முதலாவதாக வருகிறது: “சிறியிலை வெதிரின் நெல் விளையும்மே.” பலாவுக்கும் வள்ளிக்கிழங்குக்கும் தேனுக்கும் முன்னால் மூங்கில் நெல். ஆனால் அந்த நெல் ஆண்டுதோறும் வருவதில்லை. முள் மூங்கில் பூக்க நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து ஆண்டு போல ஆகும். பூத்தால் ஒரு பெரும் பரப்பே சேர்ந்து பூக்கும். இலை கொட்டி, கோல்கள் முழுக்கப் பூக்கொத்தாகி, விதை உதிர்த்து, புதர் மொத்தமாகக் காய்ந்து சாகும். மலையில் இருப்பது வெவ்வேறு காலத்தில் முளைத்த கூட்டங்களாக இருந்தால்தான் ஒன்று மாற்றி ஒன்று பூக்கும். கபிலர் அப்படி ஒரு மலையைப் பார்த்தாரா, அல்லது அந்த ஆண்டு பறம்பு பூத்திருந்ததா என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான வேலை.

பூத்த காட்டில் அரிசி சேகரிப்பது எளிது. புதரின் அடியைப் பெருக்கிச் சுத்தம் செய்து, சாணி தெளித்தோ துணி விரித்தோ வைத்தால், காற்றுக்குக் கொட்டியதை வாரிக்கொள்ளலாம். உரலில் குத்தி உமி நீக்கினால் கோதுமைச் சாயலில் குட்டையான அரிசி. வேக நேரம் எடுக்கும், மென்றால் லேசாக இனிக்கும். 1864இல் வட கன்னடத்தின் சூபா காடுகள் பூத்தபோது தார்வாட், பெல்காம் பகுதிகளிலிருந்து சுமார் 50,000 பேர் வந்து, பத்துப் பதினான்கு நாள் காட்டிலேயே தங்கி விதை சேகரித்ததாக ஆங்கிலேயர் காலத்துப் பதிவு இருக்கிறது. மூங்கில் பூத்தால் பஞ்சம் என்ற நம்பிக்கையும் பொய்யில்லை. விதை தின்று பெருகும் எலிகள் அது தீர்ந்ததும் வயலுக்கு வரும். வடகிழக்கில், மிசோரத்தில், வேறொரு மூங்கில் இனம் பூத்து இப்படித்தான் 1959இல் பெரும் பஞ்சம் வந்தது.

சட்டம் இந்தச் செடியைப் புரிந்துகொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் ‘மரம்’ என்பதற்குள் மூங்கிலையும் சேர்த்தது. அதனால் தன் தோட்டத்து மூங்கிலை வெட்டிக் கொண்டுபோகவும் பல இடங்களில் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளாக ஏற்று, காட்டில் வாழும் சமூகங்களுக்கு அதன்மேல் உரிமை தந்தது. 2017இன் திருத்தம் மரம் என்ற வரையறையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. காட்டுக்கு வெளியே வளர்ப்பவருக்கு இதில் நிம்மதி. தொல்காப்பியர் புல் என்று எழுதி வைத்ததை வனச் சட்டம் ஏற்க 90 ஆண்டு பிடித்தது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வயநாட்டின் முள் மூங்கில் காடுகள் பூத்துக் காய்ந்தன. ஊரே அரிசி வாரியது. யானைகளுக்கோ பெரிய தீனி ஒன்று கைவிட்டுப் போனது. உதிர்ந்த விதை அதிக நாள் தாங்காது, அடுத்த மழையிலேயே முளைத்தாக வேண்டும். முதல் வருடம் அது வெறும் புல் மாதிரிதான் இருக்கும், பென்சில் பருமன்கூட வராது. வருடத்துக்கு வருடம் கிழங்கு பெருத்து, வரும் குருத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, ஏணிக்கு ஆகிற ஒரு கோல் கிடைக்க எட்டுப் பத்து வருடம் ஆகிவிடும். அந்த நாற்றுகளில் மாடு வாய் வைக்காமல் தப்பியவற்றைச் சுற்றி இப்போது முள் பின்னத் தொடங்கியிருக்கும்.